பெயர் மறைத்த குவளை

இந்தப் பக்கத்தில் பீரைப் பற்றி ஒரு கட்டுரை வரும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்களும்தான். போன மாதம் ஒரு பயிலரங்குக்காக ஐந்து பேர் பெங்களூர் போயிருந்தோம். அங்கே ஒரு மைக்ரோபுரூவரியில், அதாவது சொந்தமாக பீர் தயாரித்து அங்கேயே விற்கும் சின்ன ஆலையில், நம் தோழர் ஒருவர் வேலை பார்க்கிறார். வேலூர்ப் பக்கம் ஒரு சேரியில் பிறந்து, வேதியியல் படித்து, அந்த வேலைக்குப் போனவர். கடைசி நாள் மாலை அவர் போன் செய்தார்.

"ஆம்பர் ஏல் ஒண்ணு போட்டிருக்கோம் தோழர். வெளி ஆளுங்க ருசி பார்த்து மார்க் போடணும். வந்துட்டுப் போங்க."

எங்களில் இருவர் குடிப்பதில்லை. அதைச் சொன்னோம். "மோந்து பார்த்து, நிறத்தைப் பார்த்து எழுதினா போதும். அதுக்கும் மார்க் இருக்கு" என்றார். போனோம்.

அன்று அந்த மேசையில் நடந்ததைப் பற்றி ரயிலில் திரும்பும்போது விடியும்வரை பேசிக்கொண்டு வந்தோம். அந்தப் பேச்சின் சுருக்கம்தான் இது.

குவளையில் இருந்தது

டாஸ்மாக்கில் கிடைக்கும் பீர் பெரும்பாலும் லாகர் வகை. வெளிர் மஞ்சள் நிறம், குளிர்ந்த சூட்டில் மெதுவாகப் புளிக்கவைப்பது. ஏல் அப்படியில்லை. அறைச்சூட்டுக்குப் பக்கத்தில் வேகமாகப் புளிக்கும் வேறு வகை ஈஸ்டில் செய்வது. ஆம்பர் ஏல் 1980களில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தொடங்கிய சிறு ஆலைகளில் உருவான வகை. பெயர் நிறத்தை வைத்து வந்தது: செம்பிலிருந்து இளம்பழுப்பு வரை.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தோழர் காட்டினார். முளைகட்டிய பார்லிதான் மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்குகிறோம் அல்லவா, அதே வேலைதான். அந்த பார்லியை ஈரத்தோடு சூடாக்கினால், உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகிவிடும். பிறகு வறுத்தால் அந்தச் சர்க்கரை பாகாகி, கருகும் பதத்துக்குப் போய், கண்ணாடி மாதிரி இறுகும். அதற்கு கிரிஸ்டல் மால்ட் என்று பெயர். ஒரு பிடி கையில் கொடுத்தார். கடித்துப் பார்த்தோம். பொரியுருண்டையின் அடியில் பாகு கெட்டியாக ஒட்டியிருக்குமே, அந்தச் சுவை. இந்த இனிப்புக்கு எதிராக ஹாப்ஸ் பூவின் கசப்பு. இந்த இரண்டும் ஒன்றையொன்று தூக்கிப் பிடித்தால் நல்ல ஆம்பர் ஏல்.

மார்க் போடும் தாளைத் தந்தார். அமெரிக்காவில் 1985 முதல் இயங்கும் பீர் நடுவர்களுக்கான அமைப்பு ஒன்று இருக்கிறது, பி.ஜே.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போட்டிகளில் அவர்கள் தாள்தான் பரவலாகப் புழங்குகிறது. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. ஆம்பர் ஏல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தனி வரையறை உண்டு: ஆல்கஹால் 4.5 முதல் 6.2 சதவீதம், கசப்பு அளவு 25 முதல் 40 வரை, என்ன மணம் வரலாம், என்ன மணம் வரக் கூடாது என்று எல்லாமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தோற்றத்துக்கு வெறும் 3 மதிப்பெண் என்பதைப் பார்த்ததும் எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "கல்யாணத் தரகர்கிட்ட இந்தத் தாளைக் குடுக்கணும்."

மேசையில் எட்டுப் பேர். நாங்கள் ஐவர், அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் மூவர். ஆளுக்கு மூன்று சின்னக் கண்ணாடிக் குவளை. மேலே 1, 2, 3 என்று எண் மட்டும். எது எந்தத் தொட்டியில் இருந்து வந்தது, யார் போட்டது என்று எதுவும் இல்லை. விதிகளைத் தோழர் சொன்னார். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. முகத்தைச் சுளிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசியில் எழுதலாம். முதலில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்.

கருப்பட்டியும் நெய்யும்

எழுதி முடித்ததும் ஒவ்வொருவராகப் படித்தோம். குடிக்காத தோழர்களில் ஒருவர் முதல் குவளையின் மணத்துக்கு இப்படி எழுதியிருந்தார்: "கருப்பட்டிப் பாகு அடிபிடிக்கப் போகும் நேரத்து வாசம். பின்னால் கொஞ்சம் சாத்துக்குடித் தோல்." எதிரே இருந்த வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார். நாலைந்து நாடு சுற்றி பீர் குடித்தவராம். "அதுக்கு டாஃபின்னு பேருங்க. டாஃபி நோட்ஸ்" என்று திருத்தினார். நம் தோழர் உடனே பேனாவை எடுத்து அடிக்கப் போனார்.

ஆலைத் தோழர் தடுத்தார். "அடிக்காதீங்க. டாஃபின்னு எழுதுற ஆளு அவர் ஊர் மிட்டாயை ஞாபகம் வெச்சு எழுதுறான். உங்களுக்குக் கருப்பட்டி ஞாபகம் வந்தா அதுதான் சரி. கருகப் போற நேரம்னு எழுதினீங்க பாருங்க, அது எனக்கு டாஃபியை விட உபயோகம். வறுத்தது ஒரு நிமிஷம் அதிகமாயிடுச்சான்னு நான் போய்ப் பார்ப்பேன்."

பேனாவை எடுத்து அடிக்கப் போன அந்தக் கை நம் எல்லோருக்கும் தெரிந்த கை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன நாம், வகுப்பில் வீட்டுச் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு, சிரிப்பொலி கேட்டதும் எத்தனை முறை அதை அடித்திருக்கிறோம்? பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட 'டிஸ்டிங்ஷன்' நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். ரசனை என்பது பிறவியில் வருவதாக நாம் நம்புகிறோம். உண்மையில் அது வர்க்கம் கற்றுக்கொடுப்பது, ஒரு வர்க்கம் இன்னொன்றை விலக்கி வைக்கப் பயன்படுவது என்பது அவர் வாதம். நம் நாட்டில் வர்க்கத்தின் இடத்தில் சாதியையும் வைத்துப் படிக்க வேண்டும்.

இரண்டாவது குவளைக்கு வந்தோம். வெளிநாடு சுற்றிய அதே வாடிக்கையாளர் அதைப் பாராட்டி எழுதியிருந்தார்: வெண்ணெய் மணம், செழுமை. கருப்பட்டி எழுதிய தோழர், "நெய் வாசனை வருது, பீருக்கு இது வரணுமா தெரியலை" என்று எழுதி மணத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். ஆலைத் தோழர் சொன்னார், அது குறை. டைஅசிடைல் என்கிற பொருள். புளிக்கும்போது ஈஸ்ட் வழியாக உண்டாகும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஈஸ்டே அதைத் திரும்ப உறிஞ்சியிருக்கும். அவசரப்பட்டுக் குளிரவைத்துவிட்டால் தங்கிவிடும். ஆம்பர் ஏலில் அது இருக்கவே கூடாது.

நெய் வாசம் வீசினால் மதிப்பெண் குறையும் ஓர் இடத்தை எங்கள் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தோம். எங்கள் சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

கடைசியில்தான் உண்மையைச் சொன்னார். ஒன்றாம் குவளையும் மூன்றாம் குவளையும் ஒரே தொட்டியில் பிடித்த ஒரே பீர். இரண்டாவது மட்டும் வேறு. மூன்றில் இரண்டை ஒன்றாக வைத்து, வேறுபட்டதைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கும் இந்தச் சோதனை ஆலைகளில் வழக்கமாம். தாள்களைப் புரட்டினோம். வெளிநாடு சுற்றியவர் ஒன்றுக்கு 42, மூன்றுக்கு 28 போட்டிருந்தார். அந்தத் தாளின் கணக்கில் 38க்கு மேல் மிகச் சிறப்பு. 28 என்றால் பரவாயில்லை ரகம். ஒரே தொட்டிப் பீர். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்களில் ஒருவர் 35ம் 29ம் போட்டிருந்தார். ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டவர்கள் குடிக்காத இருவர்தான். மணத்துக்கும் தோற்றத்துக்கும் சேர்த்து 15க்கு 11, 11 என்று ஒருவர். 10, 11 என்று இன்னொருவர்.

அந்த வாடிக்கையாளரும் நல்ல மனிதர்தான். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மூணாவது கண்டிப்பா மட்டமா இருக்கும்னு குடிக்கிறதுக்கு முன்னாடியே நினைச்சிட்டேன்" என்று ஒப்புக்கொண்டார்.

குடிக்கிறதுக்கு முன்னாடியே. இந்தச் சொல்தான் ரயிலில் எங்களைத் தூங்கவிடவில்லை.

ருசிக்கும் முன்பே எழுதப்படும் தீர்ப்பு

பெயர் தெரியாத மூன்று குவளையிலேயே மனம் இவ்வளவு ஏமாற்றும் என்றால், பெயர் தெரிந்தால் என்ன செய்யும்?

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளிக்குச் சத்துணவுச் சமையலராக அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார். ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. எதிர்த்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தச் சோற்றைத் தின்றுபார்த்து உப்பு அதிகம், பருப்பு வேகவில்லை என்று சொன்னவர் யார்? ஒருவருமில்லை. அரசு கொடுக்கும் அதே அரிசி, அதே பருப்பு, அதே அடுப்பு. தாளில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, சமைத்தவர் யார் என்று.

1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் தண்ணீர் குடித்தார்கள். அதன்பிறகு சாதி இந்துக்கள் 108 பானைத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றி, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் ஓதிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். ஆடு மாடு குடித்தபோது கெடாத தண்ணீர். அதன் நிறம் மாறவில்லை, மணம் மாறவில்லை, சுவை மாறவில்லை. குடித்தவர் யார் என்பது மட்டும் மாறியது.

நம் டீக்கடைகளின் இரட்டைக் குவளையும் இதே கணக்குதான். ஒரே பாய்லர், ஒரே பால், ஒரே டீத்தூள். ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குச் சிரட்டையோ தகர டம்ளரோ. இப்போது பல இடங்களில் அது பேப்பர் கப்பாக நாகரிகம் அடைந்திருக்கிறது. பீர் மேசையில் குவளையின் மேல் எண் எழுதியது உள்ளே இருப்பதை நியாயமாகப் பார்க்க. டீக்கடையில் குவளையைப் பிரித்தது வெளியே இருப்பவனை அடையாளம் காட்ட.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். பீரிலேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்ற சிறு நகரம். அங்கே பீப்பிள்ஸ் என்ற பழைய பீர் ஆலை. 1970இல் தியோடர் மேக் என்ற கறுப்பினத்தவர் தன் கூட்டாளிகளோடு அதை வாங்கினார். மில்வாக்கியின் பாப்ஸ்ட் ஆலையில் வேலை பார்த்து தொழில் தெரிந்தவர். பீரின் செய்முறையை அவர் மாற்றவில்லை. ஆனால் உரிமையாளர் மாறியதும் பீரும் மாறிவிடும் என்ற பேச்சு ஊரில் பரவியது. உள்ளூர் விற்பனை சரிந்தது. பெரிய கம்பெனிகளின் போட்டி, அரசு ஒப்பந்தங்கள் கிடைக்காமல் போனது என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1972இல் ஆலை மூடப்பட்டது. அந்த ஊரில் யாராவது மூன்று குவளை வைத்து, எண் மட்டும் எழுதி, பழைய பீரையும் புதிய பீரையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் விடைத்தாளும் ஒரு குவளைதான்

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு இது நேரடியாகப் படும் இடம் ஒன்று உண்டு. பொதுத்தேர்வில் விடைத்தாளில் பெயர் இல்லை, எண் இருக்கிறது. திருத்துபவருக்கு உங்கள் ஊர் தெரியாது, அப்பா பெயர் தெரியாது, நிறம் தெரியாது. அது எண் போட்ட குவளை. நேர்முகத் தேர்வு அப்படியல்ல. அங்கே சான்றிதழ் கோப்பு மேசையில் இருக்கிறது, உங்கள் முகமும் ஆங்கிலமும் எதிரே இருக்கின்றன. தீர்ப்பு வாயைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இது வெறும் சந்தேகம் இல்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் படிப்புச் சேர்க்கையை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு 2016இல் அறிக்கை தந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் சமூகப் பிரிவு வாரியாக ஒரு மாதிரியாகவே விழுவதை அது சுட்டிக்காட்டியது. நேர்முகத் தேர்வின் எடையை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. நம் மாணவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததைத்தான் குழுவும் சொன்னது.

இங்கே ஒரு கேள்வி வரும். வர வேண்டும். "அப்படியானால் எல்லா இடத்திலும் சாதியை மறைத்துவிடலாமே, திறமையை மட்டும் பார்க்கலாமே, இடஒதுக்கீடு எதற்கு?" என்று உங்கள் வகுப்புத் தோழர் கேட்பார். இட்லி கடையில் கேட்பார், வாட்ஸ்அப்பில் கேட்பார். பதிலை அந்த மேசையிலிருந்தே சொல்லலாம்.

எண் போட்ட குவளை நியாயம் செய்வது மேசைக்கு வந்த பீருக்கு மட்டும். மேசைக்கே வராத பீருக்கு அது எதுவும் செய்யாது. பார்லியும் ஹாப்ஸும் வாங்கக் காசு, தொட்டி வைக்க இடம், தொழில் கற்க ஆண்டுகள், தவறாகப் போன முதல் பத்துத் தொட்டியைக் கீழே ஊற்றும் வசதி, இதெல்லாம் யாரிடம் இருக்கிறது? அமெரிக்காவில் பீர்ப் போட்டிகளில் பெயர் மறைத்து மதிப்பிடும் பழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொழிலில் கறுப்பினத்தவர் மிகச் சிலர்தான். அதனால்தான் புரூக்ளின் பீர் ஆலையின் புகழ்பெற்ற பீர் வல்லுநர் காரெட் ஆலிவர், தானே ஒரு கறுப்பினத்தவர், கறுப்பினத்தவர் உள்ளிட்ட ஒதுக்கப்பட்ட மக்கள் இந்தத் தொழில் கற்க உதவித்தொகை தரும் அறக்கட்டளையை 2020இல் தொடங்கினார். நேர்மையான மதிப்பீடு மட்டும் போதுமென்றால் அது தேவைப்பட்டிருக்காது.

ஆக இரண்டு வேலை இருக்கிறது. மேசைக்கு வரும் வழியைத் திறப்பது ஒன்று. அதற்கு இடஒதுக்கீடும் உதவித்தொகையும் விடுதியும். மேசையில் வந்த பிறகு பெயர் பார்க்காமல் மதிப்பிடுவது இன்னொன்று. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் கேட்பவர் திறமையைப் பற்றிப் பேசவில்லை, தன் குவளை மட்டும் மேசையில் இருக்க வேண்டும் என்று பேசுகிறார்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஆம்பர் ஏல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதியது யார்? நல்ல பீராகவே இருந்தாலும் வரையறைக்குள் அடங்காவிட்டால் மதிப்பெண் குறையும். பாடத்திட்டமும் அப்படித்தான். பெயர் மறைத்துத் திருத்தினாலும், எது நல்ல விடை என்று எழுதிவைத்த கையைக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. கருப்பட்டி என்று எழுதினால் தவறு, டாஃபி என்று எழுதினால் சரி என்று ஒரு விடைக்குறிப்பு இருந்தால், பெயரை மறைத்து என்ன பயன்? வரையறை எழுதும் இடத்திலும் நம் ஆட்கள் உட்கார வேண்டும்.

குடியைப் பற்றி

கடைசியாக இதைச் சொல்லாமல் முடித்தால் நேர்மை இல்லை. "ஒரு பக்கம் மதுவிலக்கு கேட்கிறீர்கள், இன்னொரு பக்கம் பீரில் சாத்துக்குடித் தோல் வாசம் பார்க்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்தது. ஒருவர் இந்தக் கட்டுரையே வேண்டாம் என்றார்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றாடக் கூலிகள்தான் பெரும்பாலோர். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்குப் பெண்கள் திரண்டதற்கு இதுதான் காரணம். களப்பணியில் நாங்கள் போகும் தெருக்களில் குடியால் சிதைந்த வீடுகளை எண்ணி முடியாது. குடிப்பது பண்பாட்டுப் புரட்சி என்று யாராவது சொன்னால் அந்த வீட்டுப் பெண்களிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் இதையும் கவனியுங்கள். கருணாபுரத்தில் செத்தவர்களைப் பற்றி அன்று என்ன எழுதினார்கள்? குடிகாரன் செத்தால் அரசு ஏன் பத்து லட்சம் தர வேண்டும் என்று எழுதினார்கள். பெங்களூரில் ஒரு குவளைக்குச் சில நூறு ரூபாய் கொடுத்துக் குடிப்பவருக்குப் பெயர் குடிகாரர் இல்லை, ரசனையாளர். 1987 தொடக்கம் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. புளித்த பனஞ்சாறு சட்டப்படி குற்றம். புளித்த பார்லிச் சாறு அரசே விற்கும் சரக்கு. கள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நாங்கள் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. குவளையில் இருப்பதைப் பார்த்தா, பிடித்திருக்கும் கையைப் பார்த்தா இந்தப் பெயர்களெல்லாம் வைக்கப்படுகின்றன என்று மட்டும் கேட்கிறோம். மதுவை எதிர்ப்பவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் நம் எதிர்ப்பு குடியை விட்டுவிட்டு நம் மக்களையே அசிங்கப்படுத்தும் பேச்சாகிவிடும்.

நாளைக்கே செய்யலாம்

அந்த மேசையிலிருந்து நாங்கள் கொண்டுவந்தது பீர் இல்லை; அதன் விதிகள். அதற்கு மது தேவையே இல்லை. எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் போன வாரம் செய்து பார்த்தோம். பத்து மாணவர்கள் எழுதிய கட்டுரையில் பெயரை நீக்கி எண் போட்டோம். அவர்களே ஒருவருக்கொருவர் திருத்தினார்கள். விதி அதேதான்: எழுதி முடிக்கும்வரை பேச்சில்லை, முகச்சுளிப்பு இல்லை. முதலில் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று எழுது. பிறகு என்ன குறை, எதனால். கடைசியாக மதிப்பெண்.

எப்போதும் பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் ஒரு வார்த்தை பேசாத மாணவி ஒருவர் எழுதியது ஏழாம் எண். அதுதான் அதிக மதிப்பெண் வாங்கியது. எண்ணுக்குரியவர் யார் என்று சொன்னபோது அவரே நம்பவில்லை. தாளை வாங்கி மறுபடி மறுபடி பார்த்தார். அந்த வகுப்பில் ஆண்டு முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்களும், உண்மையைச் சொன்னால், நம்பவில்லை. நாங்களும் குடிக்கிறதுக்கு முன்னாடியே மார்க் போட்டிருந்தோம்.

உங்கள் விடுதியில், வாசகர் வட்டத்தில், இயக்கக் கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். துண்டறிக்கை வாசகமாக இருக்கலாம், முழக்கமாக இருக்கலாம், யாருடைய யோசனை என்று சொல்லாமல் மேசையில் வையுங்கள். அண்ணன் சொன்னதா, புதிதாக வந்த தங்கை சொன்னதா என்று தெரியாமல் வாதிடுங்கள். நம் அமைப்புகளுக்குள்ளேயே எத்தனை குரல்களுக்குத் தகர டம்ளர் கொடுத்திருக்கிறோம் என்று அப்போது தெரியும்.

ஆலைத் தோழரிடம் விடைபெறும்போது, இந்த வேலை ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டோம். "எங்கம்மா ஊர்ல பால் மாடு வெச்சிருந்தாங்க தோழர். எங்க பாலை ஊர்ல ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. சொசைட்டியில ஊத்தினா எல்லாப் பாலும் ஒண்ணாயிடும், அப்புறம் அதையேதான் வாங்கிக் குடிப்பாங்க" என்றார். பிறகு கழுவிக் கவிழ்த்திருந்த குவளைகளைக் காட்டினார். "இங்க நான் போடுற பீர் மேல நம்பர் மட்டும்தான் இருக்கு. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்றாங்க. ஏன்னும் சொல்றாங்க. அது போதும்."

ஜெய்பீம்.